சத்தத்துக்கு ஒரு பெட்டி

மெர்லின் நடத்தும் வாடகை வீட்டு இணையதளத்திடம் வாயால் சொன்னால் போதும், புதிய தேடல் பெட்டி முளைத்துவிடும். நாய் வளர்க்கலாமா, மாடி வீடா, மீன் குழம்பு வைக்கலாமா என்று எல்லாவற்றுக்கும் பெட்டி இருந்தது. டிரம்ஸ் வாசிக்கும் இசக்கியம்மாளுக்கு மட்டும் பாளையங்கோட்டையில் வீடு அமையவில்லை.

"சத்தம் புடிச்ச வீட்டுக்காரங்களத் தேட ஒரு பெட்டி வைங்கக்கா."

"அப்படி யாருட்டி இருக்கா?" என்று சிரித்தபடியே மெர்லின் தளத்திடம் சொன்னாள். பெட்டி வந்தது. வீட்டுக்காரர்கள் முன்பு சொல்லிவைத்த குறிப்புகளிலிருந்து ஒரே ஒரு வீடும் வந்தது: தைரியநாதன் ஐயா வீட்டு மாடி. பார்க்க வந்த அத்தனை பேரையும் திருப்பி அனுப்பிய மனிதர்!

இருவரும் பயந்துகொண்டேதான் போனார்கள். டிரம்ஸ் என்றதும் கிழவர் கதவை அகலத் திறந்தார்.

"புள்ளைங்க வெளிநாடு போனதுலேர்ந்து இங்க கடிகாரம் மட்டுந்தாம்மா பேசுது. சத்தம் போடுத ஆளா வேணும்னு வீட்டப் பதிஞ்ச அன்னைக்கே சொன்னேன். அதுக்குப் பெட்டி இல்லன்னு இவதான் 'அமைதியான குடும்பம்'னு போட்டா. வந்தவன் எல்லாம் செருப்புச் சத்தம்கூடக் கேக்காத ஆளு!"

மெர்லின் நாக்கைக் கடித்துக்கொண்டாள். கிழவர் இசக்கியிடம் திரும்பினார்.

"அட்வான்ஸ் கெடக்கட்டும். டிரம்ஸ எப்போ எறக்குத?"