யாரும் கத்தவில்லை

“அணைச்சுடுங்க மாமா. யார் கத்தறாங்கன்னு பார்ப்போம்.”

கேப்டன் சர்வசாதாரணமாகச் சொல்லிவிட்டாள். கம்ப்யூட்டர் திரையில் தெரிந்த மாமா மட்டும் தாடையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மாமா யாருக்கும் மாமா இல்லை. குழுவின் சர்வர் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவர், வயதில் பெரியவர் என்பதால் எல்லாருக்கும் மாமா. புதுப் பதிப்பை எப்போது வெளியிடுவது என்று தேதி குறிப்பவள் கேப்டன்.

அவர்கள் செய்வது யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய இலவச மென்பொருள். மருந்து வைக்கும் ஃப்ரிட்ஜுக்குள் எத்தனை டிகிரி என்று திரையில் காட்டும், சூடு ஏறினால் அலறும். வசதியில்லாத சின்னச் சின்ன கிளினிக்குகள் அதை நம்பித்தான் இருந்தன.

“அந்தப் பழைய மெஷின்ல என்ன ஓடுதுன்னே நமக்குத் தெரியாது கேப்டன். அதை வச்சவன் எப்பவோ குழுவை விட்டுப் போயிட்டான்.”

“அதுக்குத்தான் சொல்றேன். வருஷத்துக்கு ரெண்டு ரிலீஸ்ங்கிறதை மாசத்துக்கு ஒண்ணுன்னு மாத்தறோம். இந்தக் கிழட்டு மெஷினையும் கட்டி இழுத்துக்கிட்டு ஓட முடியுமா?”

சர்வர்காரர்களிடம் இப்படி ஒரு வழக்கம் உண்டு. எதற்கென்று தெரியாத மெஷினை அணைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். யாராவது கத்தினால் உடனே போட்டுவிடுவார்கள், கத்தாவிட்டால் தூக்கி எறிந்துவிடுவார்கள். முரட்டு வழிதான். ஆனால் அதுவரை அவர்களைக் கைவிட்டதில்லை.

“மாசா மாசம் விட்டா சோதிச்சுப் பார்க்க நேரமே இருக்காது,” மாமா விடவில்லை. “இது விளையாட்டுச் சாமான் இல்லம்மா. மருந்து கெட்டா உயிர் போற விஷயம்.”

“ஒரு வாரம் பார்ப்போம். ஒரே ஒரு புகார் வரட்டும், பழையபடி வருஷத்துக்கு ரெண்டுன்னே வச்சுக்கலாம். போதுமா?”

அன்றைக்கே அந்த மெஷின் அணைந்தது. அன்றைக்கே புது ரிலீஸும் போனது.

புகார் வரவில்லை. வழக்கமாக ரிலீஸ் போன சாயங்காலமே திட்டு வந்து குவியும். பட்டன் நிறம் மாறினால்கூடப் பக்கம் பக்கமாக எழுதுகிற ஆசாமி ஒருவர் உண்டு. குழு அவருக்கு வைத்த பெயர் புலம்பல் மன்னன். இந்த முறை அவரும் வாயைத் திறக்கவில்லை.

“மன்னனே கப்சிப் மாமா! இதைவிட என்ன சர்டிஃபிகேட் வேணும்?”

மாமா சிரிக்கவில்லை. “அதான் எனக்குச் சந்தேகமா இருக்கு” என்றார்.

கேப்டனுக்கும் உள்ளூர ஒரு பயம் இருக்கத்தான் செய்தது. அவளுடைய தங்கை தெருக்கோடி கிளினிக்கில் நர்ஸ். அங்கே ஃப்ரிட்ஜுக்குக் காவல் இதே மென்பொருள்தான். ஏதாவது ஏடாகூடம் என்றால் முதலில் மாட்டிக்கொள்ளப் போவது அவள்.

ஒருநாள் சாப்பிடும்போது தங்கையே ஆரம்பித்தாள். “அக்கா, எங்க கிளினிக் ஃப்ரிட்ஜ்...”

“வீட்டுல அந்தப் பேச்சு வேண்டாம்னு எத்தனை தடவை சொல்றது? தங்கச்சின்னா தனி வரிசையா? எல்லாரையும் போல புகார் பட்டனை அழுத்தி எழுதிப் போடு. நிஜமாவே தப்பு இருந்தா அன்னிக்கே பதில் போட்டுடுவோம்.”

தங்கை தலையாட்டிவிட்டுச் சாப்பிட்டாள். கேப்டனுக்குத் தன் நேர்மையை நினைத்துக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மறுநாள் அவள் புகார்ப் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். தங்கையிடமிருந்து ஒன்றும் இல்லை. அற்ப விஷயமாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

வாரம் முடிந்த அன்று, அடுத்த ரிலீஸுக்குத் தேதி குறித்துக்கொண்டிருந்தபோது மாமா போன் செய்தார். குரலே சரியில்லை.

“மனசு கேக்காம அந்த மெஷினை மறுபடி போட்டுப் பார்த்தேன் கேப்டன். நம்ம புகார் பட்டன்ல எழுதறது எல்லாம் அது வழியாத்தான் நமக்கு வந்துட்டு இருந்திருக்கு.”

“அப்போ இத்தனை நாளா?”

“எல்லாரும் கத்தியிருக்காங்க. ‘அனுப்பியாச்சு’ன்னு அவங்களுக்குக் காட்டியிருக்கு, ஆனா எல்லாம் அவங்க கம்ப்யூட்டர்லயே தேங்கி நின்னிருக்கு. இப்ப மொத்தமா வந்து கொட்டுது. நீயே பாரு.”

பார்த்தாள். ஒன்றைப் படித்து முடிப்பதற்குள் அடுத்தது வந்து விழுந்தது. எல்லாம் ஒரே புகார்தான்: ஃப்ரிட்ஜ் சூடாகிவிட்டது, புது ரிலீஸ் போட்டதிலிருந்து திரையில் மட்டும் எப்போதும் அதே நாலு டிகிரிக் குளிர், அலறவே இல்லை. நடுவில் தங்கை எழுதியதும் இருந்தது. ‘திரையில் நாலு டிகிரி. தொட்டால் பாட்டில் வெதுவெதுப்பாக இருக்கிறது. குழந்தைகளுக்கான தடுப்பூசி மருந்து இது. போடலாமா, கூடாதா?’

கேப்டன் எழுந்தாள். செருப்புக்கூட மாட்டாமல் கிளினிக்குக்கு ஓடினாள்.

ஃப்ரிட்ஜின் கதவு திறந்து கிடந்தது. உள்ளே தட்டுகள் காலி. தங்கை கடைசி பாட்டிலைக் குப்பைக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள். கேப்டனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“நல்லவேளைடி! எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டியா?”

தங்கை கையைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

“தூக்கிப் போடறதா? நீதான் பதிலே போடலையே அக்கா, அப்போ சரியாத்தான் இருக்குன்னு எல்லாக் குழந்தைக்கும் போட்டு முடிச்சுட்டேன்.”