ஹோல்கரின் சூடான கராஜ்

ஹோல்கர் காப்பிக் கோப்பையோடு ஜன்னலில் நின்று எதிர்வீட்டைப் பார்த்து உச்சுக்கொட்டினார்.

“மைனஸ் பத்துல வண்டிய வெளிய போட்டுட்டு, கராஜுக்குள்ள விறக அடுக்கி வெச்சிருக்கா பாரு. பனி உருக ரோட்டுல தூவுற உப்பு காரோட அடித்தட்டையே தின்னுடும். மூளைன்னு ஒண்ணு இருந்தாத்தானே.”

“இல்வா குடிவந்து மூணு மாசமாச்சு. ஒரு வார்த்தை பேசேன்,” என்றாள் மனைவி பார்ப்ரோ.

“அதுகிட்டல்லாம் எனக்கென்ன பேச்சு?”

அவருடைய காரோ பத்து வருடமாக ஹீட்டர் போட்ட கராஜில், உப்புக் கலந்த பனி சொட்டச் சொட்ட, ராஜபோகமாக உறங்கியது.

ஏப்ரலில் ஃபாலுன் நகர வாகனச் சோதனை நிலையத்துக்குக் காரைக் கொண்டுபோனார். காருக்கு அடியிலிருந்த குழியிலிருந்து யாரோ சுத்தியலால் தட்ட, துரு பொலபொலவென்று உதிர்ந்தது.

“ஃபெயில்,” என்றது ஒரு பெண் குரல். “பனி உறைஞ்சு கிடந்தா உப்பு சும்மா கிடக்கும். சூட்டுல உருகினாத்தான் இரும்பத் தின்னும். குளிர்காலம் பூரா இதச் சொல்லணும்னுதான் பாத்தேன்.”

டார்ச்சோடு மேலேறி வந்தவள் எதிர்வீட்டு இல்வா.

“சொல்லியிருக்கலாமே,” என்றார் ஹோல்கர்.

“எத்தனையோ தடவ ஹலோன்னு வந்தேன். சூடு வெளிய போயிடும்னு கராஜ் கதவ மூஞ்சில சாத்தினீங்க.”