ரியாஜின்

"உன் பொண்டாட்டி முதுகை என்னைக்காவது பார்த்தியாடா?"

வாட்ச் ரிப்பேர்க்காரர் கண்ணில் செருகியிருந்த லென்ஸை எடுத்தார். "என்னக்கா பேச்சு இது?"

"வரிசையா ஊசி குத்தின தடம். கேட்டா கொசுக்கடியாம். கொசு என்ன, ஸ்கேல் வச்சு அளந்தா கடிக்கும்?"

அவர் லென்ஸை மறுபடி கண்ணில் செருகிக்கொண்டார்.

"இன்னும் கேளு. குழந்தையோட தலையணையைக் கத்தரியால கிழிச்சு, பஞ்சைப் பொட்டலம் கட்டி எங்கேயோ கொண்டுபோனா. போய்ச் சேர்ந்த மகராசி தன் கையால தச்சதுடா அது. இவ கண்ணை உறுத்துது!"

குழந்தைக்கு ஐந்து வயது. உடம்பெல்லாம் சொறிந்து சொறிந்து புண். படுத்தால் மூச்சு இழுக்கும். இவள் இரண்டாம் தாரமாக வந்த பிறகுதான் அதிகமானது என்று அக்கா அடித்துச் சொல்வாள்.

"குழந்தையை என்கூட அனுப்பு. இவளை அவ அம்மா வீட்டுக்கு அனுப்பு."

"கையும் களவுமா பிடிச்சா அனுப்பிடறேன்."

மறுநாள் மனைவி வெளியே கிளம்பியதும் இரண்டு பேரும் பின்னாலேயே போனார்கள். அவள் நுழைந்தது ஒரு தோல் டாக்டரின் கிளினிக்.

அக்கா கதவைத் தட்டக்கூட இல்லை. உள்ளே அவள் குப்புறப் படுத்திருந்தாள். டாக்டர் கையில் ஊசி.

"என்ன ஏத்தறீங்க இவளுக்கு?"

"ரியாஜின் இருக்கான்னு பார்க்கறேன்."

"விஷமா?"

"உங்க வீட்டுக் குழந்தை ரத்தத்துல இருக்கிறதும்மா. அது என்னன்னு எங்களுக்கே சரியாத் தெரியாது, பேர் மட்டும் வச்சிருக்கோம். குழந்தை உடம்புல ஊசி குத்த நல்ல இடமே இல்ல. அதனால குழந்தை ரத்தத்துல தெளிஞ்ச நீரை முந்தாநாள் இவங்க முதுகுல ஏத்தினேன். இன்னைக்கு அதே இடங்கள்ல தூசி, பூனை முடி, பஞ்சுன்னு ஒவ்வொண்ணா ஏத்தறேன். குழந்தைக்கு ஆகாதது எதுவோ, அந்த இடம் இவங்களுக்கு வீங்கும்."

இது பழைய காலத்துக் கதை; இன்றைக்கு ரியாஜின் என்ற பெயரை யாரும் சொல்வதில்லை. சோதனையையும் விட்டுவிட்டார்கள், ஒருவர் ரத்தத்தில் இருக்கும் நோய் மற்றவருக்குப் போய்விடுமாம். அந்த ஆபத்தை அவளிடம் சொல்லிவிட்டுத்தான் அன்று டாக்டரும் ஊசி போட்டிருந்தார்.

"என்கிட்ட ஏன் சொல்லல?" என்றார் கணவர்.

"சொன்னா விட்டிருப்பீங்களா?" தலையணையில் புதைந்த முகத்திலிருந்து பதில் வந்தது.

கொஞ்ச நேரத்தில் முதுகில் ஒரு இடம் மட்டும் செக்கச்செவேல் என்று தடித்தது.

"தலையணைப் பஞ்சு. பழைய இலவம்பஞ்சு" என்றார் டாக்டர். "இனிமே அது குழந்தை பக்கத்துலயே வரக்கூடாது."

வெளியே வந்ததும் அக்கா ஆரம்பித்தாள். "பார்த்தியாடா சாமர்த்தியத்தை? பெத்தவ நினைப்புக்குன்னு மிச்சம் இருந்தது அது ஒண்ணுதான். அதையும் டாக்டர் வாயாலயே தூக்கிப்போட வச்சுட்டா!"

சாயங்காலம் அக்கா எட்டிப் பார்த்தபோது, குழந்தை அதே தலையணையைக் கட்டிக்கொண்டு தூங்கியது.

"அடிப்பாவி! ஆகாதுன்னு தெரிஞ்சும் மறுபடி கொண்டுவந்து வச்சிருக்கியே! கொல்லப் பார்க்கறியா?" அக்கா தலையணையைப் பிடித்து இழுத்தாள்.

அவள் அந்தக் கையைப் பிடித்துத் தடுத்தாள்.

"மெதுவா, அண்ணி. குழந்தை முழிச்சுக்கும். உறை மட்டும்தான் அவ அம்மா தச்சது. வெந்நீர்ல அலசிக் காயவச்சேன். உள்ள இருக்கிறது என் கல்யாணப் புடவை."