தண்ணீர் வடியவில்லை

சேவை மையத்தில் வேறு யார் எடுத்தாலும் போனை வைத்துவிட்டார் ஓய்வுபெற்ற தலைமைப் பொறியாளர். விவரமான அந்தப் பெண் எடுத்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"வாஷிங் மெஷின்ல தண்ணி வடியலை. அணைக்கட்டையே கட்டினவன் நான், எனக்கே தண்ணி காட்டுது!"

"கீழே சின்ன மூடி இருக்கும் சார். திறந்து ஃபில்டரைக் கழுவினீங்களா?"

"ஆச்சு."

"பின்னாடி டியூப் மடங்கியிருக்கா?"

"நிமிர்ந்துதான் நிக்குது, என்னை மாதிரி."

"அப்போ மெக்கானிக்கை அனுப்பறேன் சார்."

"அவசரப்படாதே. மறுபடியும் மூடியிலேருந்து சொல்லு."

அவள் சலிக்காமல் சொன்னாள். அவர் மெஷின் பக்கமே போகாமல், நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"வேற ஏதாவது உதவி வேணுமா சார்?"

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "உங்கம்மா உன்னைப் பார்க்கணும்னு அழறா."

காதல் கல்யாணம் செய்துகொண்ட மகளை, 'இனி என் முகத்தில் முழிக்காதே' என்று அனுப்பிவைத்தவரால் அவ்வளவுதான் இறங்கிவர முடிந்தது.

சற்றுமுன் அதே மெஷின் துவைத்துப் போட்ட துணிகளை உதறிக்கொண்டிருந்த மனைவி திரும்பிப் பார்த்தாள்.

"நானா? நான்தான் வாராவாரம் அவ வீட்டுக்குப் போய்ட்டு வர்றேனே!"

அவள் குரல் மறுமுனை வரை கேட்டுவிட்டது.

"அப்போ அழறது யாருப்பா?" என்றாள் மகள்.