ஷார்ஜாத் தண்ணீர்

“இது உங்க அத்தா முடியா இருக்கவே முடியாதும்மா.”

ஆய்வக மேலாளர் பஞ்சநதம் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். அஃப்ரீனுக்குக் காது சூடானது.

“நானே வெட்டினது சார். போன வாரம், அவர் ஷார்ஜாவிலேர்ந்து வந்த மறுநாள். கொப்பரை வாசனை போறதுக்கே மூணு தடவை கழுவினேன்.”

“அரபு நாட்டுக்குப் போயும் தேங்காயெண்ணெய விடலையா மனுஷன்? அப்ப நீதான் சாஃப்ட்வேர்ல சொதப்பியிருக்க.”

ஞாயிற்றுக்கிழமை. தஞ்சாவூரின் அந்தத் தனியார் ஆய்வகத்தில் வேறு யாருமில்லை. புது மென்பொருளில் தனிமங்களைச் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் ஐசோடோப் விகிதம் அமைக்கும் வேலையை அவளை நம்பிக் கொடுத்திருந்தார். படிப்பைப் பாதியில் விட்டவளுக்கு இன்னொரு முறை அப்படி வாய்க்காது.

தண்ணீரில் கனமான ஆக்சிஜனும் உண்டு, இலேசானதும் உண்டு. அவற்றின் விகிதம் ஊருக்கு ஊர் மாறும். குடிப்பவரின் முடியில் பதிந்துவிடும். கடல்நீரைச் சுத்திகரித்துக் குடிக்கும் வளைகுடாவுக்கு ஒரு கோடு, காவிரிக்கு வேறு கோடு. சரிபார்க்கத்தான் அத்தாவின் முடியையும் தன் முடியையும் வைத்தாள்.

இரண்டு கோடுகளும் ஒரே குத்தில் நட்ட நாற்று மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றன.

“சாயந்தரத்துக்குள்ள சரி பண்ணு. இல்லேன்னா நாளையிலேர்ந்து ராஜராஜன் உக்காரட்டும். நீ பழையபடி சாம்பிள் டப்பா கழுவப் போ.” சொல்லிவிட்டு அவர் சாப்பிடக் கிளம்பினார்.

அஃப்ரீன் எல்லாவற்றையும் அழித்தாள். ஆக்சிஜனை மறுபடி சேர்த்தாள். கனமானதுக்குப் பதினெட்டு, இலேசானதுக்குப் பதினாறு, ஒப்பிடும் நீரின் அளவு. எதிலும் பிழையில்லை. கோடும் நகரவில்லை.

ஏசி மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. சந்தேகம் கேட்க ஓர் ஆள் கிடையாது. எப்போதுதான் அப்படி ஒருவர் இருந்தார்? மூன்று வருஷமாக அத்தா என்றால் வெள்ளிக்கிழமை வீடியோ காலில் ஒரு முகம், பின்னால் ஒரு வெள்ளைச் சுவர். அவ்வளவுதான்.

நீடாமங்கலம் வீட்டுக்குப் போன் போட்டாள். அவரே எடுத்தார்.

“அத்தா, அங்க என்ன தண்ணி குடிச்சீங்க? நம்ம ஊர்த் தண்ணி ஏதும் கொண்டு போனீங்களா?”

சிரித்தார். “ஷார்ஜாவுக்குக் குடத்தத் தூக்கிட்டா போவாங்க? ஏம்மா, சாப்பிட்டியா?”

“இல்லத்தா. உங்க முடிய வச்சா மெஷின் காவிரித் தண்ணின்னு காட்டுது. எங்க தப்பு பண்ணேன்னே தெரியல. தனியா உக்காந்து தலைய முட்டிக்கிறேன்.”

மறுமுனையில் சிரிப்பு நின்றது.

“தப்புன்னு நீயே ஒத்துக்கிட்டா என்ன பண்ணுவாங்க?”

“வேற ஆளப் போடுவாங்க. என்னை இனிமே கம்ப்யூட்டரத் தொட விட மாட்டாங்க. விடுங்கத்தா, நான் சொல்லிடுறேன். என் தப்புதான்னு.”

அவர் எழுந்து எங்கோ நடப்பது கேட்டது. கதவு சாத்தும் சத்தம். பிறகு வந்த குரல் தாழ்ந்திருந்தது.

“அம்மா காதுல விழுந்துடக் கூடாது. நீ எதையும் மாத்தாதம்மா, மெஷின் சரியாத்தான் சொல்லுது.”

“என்னத்தா சொல்றீங்க?”

“அங்க வேலை போயி ரெண்டு வருஷமாச்சு. இங்க நம்ம பேராவூரணி கொப்பரைக் களத்துலதான் கெடந்தேன்.”