கறுப்புத் தூள்

உலையிலிருந்து எடுத்த கறுப்புத் தூளைத் தகட்டில் பூசி, பேட்டரியில் வைத்துப் பார்த்தாள் மெலியானா. பேட்டரியில் சார்ஜ் தங்கவில்லை.

“மறுபடியுமா அக்கா?” என்றான் உடன் படிக்கும் யூனுஸ்.

“அதே மாங்கனீஸ் கல்லு, அதே அமிலம், அதே சூடு. முதல் தடவை மட்டும் நுண்ணோக்கியில ஊசி ஊசியாத் தெரிஞ்சுது. இப்ப வெறும் கட்டி.”

முதல் தூளுக்குப் பரிசு கிடைத்தது. அந்தப் பணத்தில்தான் ஆய்வுக்கூடத்துக்கு ஜெனரேட்டர் வாங்கினார்கள். திங்கட்கிழமை ஜகார்த்தாவிலிருந்து தேர்வாளர்கள் இங்கே குப்பாங் நகருக்கு வருகிறார்கள். அதே தூளைச் செய்து காட்டாவிட்டால் அவளுக்குப் பட்டம் இல்லை.

மெலியானா அடுத்த கலவையை உலையில் வைத்தாள். சற்று நேரத்தில் மின்சாரம் போய் மின்விசிறி தயங்கியது. வெளியே ஜெனரேட்டர் உறுமியதும் மீண்டும் சுற்றியது.

“முன்னெல்லாம் இந்நேரம் வெந்துட்டிருப்போம்,” என்று யூனுஸ் சிரித்தான். “அந்த முதல் தடவை உலை பாதியில நின்னு ஆறிப்போச்சே. கரண்ட் வந்தப்புறம்தானே திரும்பச் சூடாச்சு? என்னா திட்டு திட்டினீங்க!”

மெலியானா நிமிர்ந்தாள். “அதை நான் செய்முறையில எழுதவே இல்லையே.”

“நம்ம ஊர்ல கரண்ட் போறதையெல்லாம் யாருக்கா எழுதுவா?”

அவள் எழுந்து வெளியே போனாள். ஜெனரேட்டர் நின்றது.

“அக்கா, உலை அணைஞ்சிருச்சு!”

“அணையட்டும்,” என்று வந்து உட்கார்ந்தாள். “கரண்ட் சீக்கிரம் வந்துடக் கூடாதுன்னு வேண்டிக்க.”