பால்கனி விரிசல்

“ஓசியில யோசனை சொல்லி, திட்டு வேற வாங்கணுமா?” என்றாள் மனைவி.

கட்டட இன்ஜினியர் கைப்பேசியைக் காட்டினார். பால்கனித் தரையின் விரிசலைக் கிட்டத்தில் படமெடுத்துப் போட்டு, ‘சிமெண்ட் பூசினால் போதுமா?’ என்று இணையக் குழுவில் யாரோ கேட்டிருந்தார். ‘படத்தை வைத்துச் சொல்ல மாட்டேன். இன்றே ஓர் இன்ஜினியரிடம் நேரில் காட்டுங்கள்’ என்று இவர் எழுத, ஆளாளுக்குப் பாய்ந்திருந்தார்கள்.

“எல்லாரையும் மாதிரி பூசிக்கச் சொல்லிட்டுப் போறதுதானே?”

“இடிஞ்சா யார் தலையில விழும்னு எனக்கென்ன தெரியும்?”

அழைப்பு மணி அடித்தது. மாடிக்குப் புதிதாகக் குடிவந்தவர்.

“சார், நீங்க இன்ஜினியர்னு சொன்னாங்க. நம்ம பால்கனியில ஒரு விரிசல். நெட்டுல கேட்டா எல்லாரும் பூசச் சொல்றாங்க. ஒருத்தர் மட்டும் நேர்ல காட்டுன்னு ஒத்தக்கால்ல நிக்கிறார். நானும் சேர்ந்துதான் திட்டினேன். ஆனா மனசு கேக்கல.”

மேலே போனார் இன்ஜினியர். கதவோரம் நின்றே சுத்தியலால் தட்டினார். சிமெண்ட் பொலபொலவென உதிர்ந்து, துருவேறிய கம்பி பல்லை இளித்தது.

பக்கத்து ஜன்னல் வழியே எட்டிக் கீழே பார்த்தார். நேர் அடியில் அவருடைய மகள் பொம்மைக்குத் தலைவாரிக்கொண்டிருந்தாள்.

“பாப்பா, உள்ள ஓடு!”

மாடிக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். “அந்த மனுஷன் யாரோ, நல்லா இருக்கணும் சார்!”

இன்ஜினியர் அவர் கைகளைப் பிடித்துக்கொண்டார்.

“அவர் பேச்சைக் கேட்டீங்களே, நீங்க நல்லா இருக்கணும்!”